எட்டாவது விரல்

...அதுக்குத்தான் சொல்றேன் செல்வி, உன் மாமியா ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஒரு வேளை சோறு திங்காம படுத்துக்கிட்டியே, அதுக்குப் பேரு கோவமா? போடி. கோவம்னா எங்க ஏழுவிரலா அக்கா வச்சிருந்தாளே, அது கோவம். எலுமிச்சங்கா ஊறுகா மாதிரி. ஜாடியில போட்டு, வாயத் துணியால கட்டி, வெயில்ல வச்சு வச்சு எடுப்பா. நல்லா ஊறுன பெறகுதான் தொறப்பா.

இப்படி நெழல்ல உக்காரு. அந்த முருங்கக் கீரைய இங்க குடு, நான் உருவுறேன், நீ கேளு. நீ இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே அவ மக கூட திருப்பூருக்குப் போயிட்டா. அங்கயே போய்ச் சேந்துட்டா, புண்ணியவதி. பேரு சொல்ல மாட்டேன். அவளுக்கே அவ பேரு புடிக்காது. ஏழுவிரலான்னு கூப்புட்டாத்தான் திரும்பிப் பாப்பா. யாராவது பாவம் பாத்து பேரச் சொல்லிக் கூப்புட்டா, காது கேக்காத மாதிரி போயிடுவா.

வலது கை அவளுக்கு முழுசு. இடது கையிலதான் வெனை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கும். நடுவிரலு பாதிக்கு மேல இல்ல, மொட்டையா நிக்கும். மத்த ரெண்டும் அடியோட இல்ல. அந்த மொட்டைய அவ விரலாவே சேத்துக்க மாட்டா. ஆக மொத்தம் ஏழு.

நமக்கெல்லாம் பத்து பத்தாத்தான எண்ண வருது? அவளுக்கு ஏழோட முடிஞ்சுது. ஏழு ஆனா ஒரு கைம்பா. ஏழு கை சேந்தா ஒரு ஆளு. கோழி எத்தன நிக்குதுன்னு கேட்டா, ரெண்டு கை ஒரு விரலும்பா. நாம உக்காந்து கூட்டிப் பாத்தா பதினஞ்சு இருக்கும். ஒரு தடவ கணக்கெடுக்க வந்த பொண்ணு வயசென்னம்மான்னு கேட்டுச்சு. இந்தத் தையோட நான் ஒரு முழு ஆளுன்னா. அந்தப் பொண்ணு பேந்தப் பேந்த முழிக்குது. நான்தான் குறுக்க பூந்து நாப்பத்தொம்போதுன்னு சொன்னேன். எனக்கும் எழுத்து தெரியாது, ஆனா அவ கூடப் பழகிப் பழகி அந்தக் கணக்கு வந்துருச்சு.

ஏன்க்கா, வாயால எண்ணுறதுக்கு விரல் எதுக்கு, ஊரோட ஒத்துப் பத்துப் பத்தா எண்ணேன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். நாத்தங்கால்ல நின்னுக்கிட்டிருந்தா. சேத்துக் கையோட நிமுந்து பாத்தா.

"இல்லாத விரல எதுக்குடி எண்ணணும்? எண்ணுனா இருக்குற மாதிரி ஆயிடும். எடுத்த ஆளுக்குத் தள்ளுபடி குடுத்த மாதிரி ஆயிடும்."

எடுத்த ஆளு யாருன்னு கேக்குறியா? அந்தக் கதைதான் வருது, இரு. காம்பு ஒண்ணு கூட கீரையில சேரக் கூடாது, சேந்தா வாயுத் தொந்தரவு. எங்க வீட்டுக்காரருக்கு அது சேராது.

பெரிய வீட்டுக்காரரு இருக்காருல்ல, கடைத்தெரு போற வழியில மாடி வீடு, அவரு வீட்டு மாட்டுக் கொட்டாயில தான் அக்கா வேலை பாத்தா. தீவனப்புல்லு நறுக்குற மெஷினு. கரண்டு மெஷினு. அதுக்கு வாய்க்கு மேல ஒரு மூடி இருந்துச்சு, அது கழண்டு போயி மாசக்கணக்கா கிடக்குது. இவளும் சொல்லிச் சொல்லிப் பாத்தா. அவரு போட்டுக்கலாம் போட்டுக்கலாம்னாரு. ஒரு நாள் விடியக்காலம் புல்லோட கையும் போயிருச்சு.

நான் அப்ப சாணி எடுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடுனா, புல்லெல்லாம் செவப்பா இருக்கு. என் முந்தானையக் கிழிச்சுச் சுத்துனேன். கீழ கிடந்த விரல நான்தான் பொறுக்குனேன் செல்வி, பால் கவர் ஒண்ணுல போட்டு மடியில கட்டிக்கிட்டேன். வாசல்ல புதுக் காரு நிக்குது. பூஜை போட்ட பூமாலை கூட இன்னும் வாடல. அவரு படியில நின்னு பாக்குறாரு. அய்யா, காரை எடுங்கய்யா, தஞ்சாவூருக்கு ஓடிரலாம்னு நான் கும்புடுறேன். அவரு அவ கையப் பாத்தாரு, காரப் பாத்தாரு.

"சீட்டெல்லாம் ரத்தமாயிடும். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன்."

ஆட்டோ பட்டுக்கோட்டையிலேருந்து வரணும். வந்துச்சு, எப்பயோ வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில டாக்டரு அந்தக் கவரைப் பாத்துட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஒட்டப் பாத்திருக்கலாம்மான்னாரு. அக்கா அழுவல. அந்த வார்த்தைய மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டா. டாக்டரும் பாவம், திரும்பச் சொன்னாரு.

அதுக்கப்பறம் அவரு பழம் வாங்கிக்கிட்டு வந்தாரு. வாங்கிக்கிட்டா. நல்லாருக்கியான்னாரு. நல்லாருக்கேங்கய்யான்னா. ஊரே சொல்லுச்சு, எவ்வளவு பொறுமை பாருன்னு. பொறுமையாம். நான் மட்டும் அவ கண்ணப் பாத்தேன். ஜாடிக்குத் துணி கட்டிட்டான்னு தெரிஞ்சுது.

சின்னச் சின்ன கோவத்தக் கூட அவ விட மாட்டா. கோடி வீட்டுக்காரி ஒருத்தி, குழாயடியில கொடம் இடிச்சதுக்கு மொண்டிக் கைன்னு சொல்லிட்டா. இவ கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. ரெண்டு வருஷம் போச்சு. அவ மகளுக்குக் கல்யாணம், தட்டுல பாக்கு வெத்தில வச்சு அழைக்க வந்தா. இவ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. மொண்டிக் கையால நல்ல காரியத்தட்டு வாங்கலாமா, நல்ல கையா பாத்துக் குடும்மான்னா. அந்தப் பொம்பள வாசப்படியில தட்டோட நிக்குறா, தெருவே பாக்குது. மூணு வாட்டி தப்பு தப்புன்னு கன்னத்துல போட்டுக்கிட்ட பெறகுதான் இவ கைய முன்னால நீட்டுனா. அப்பறம் அதே கல்யாணத்துல விடிய விடிய தேங்கா துருவுனவளும் எங்க அக்காதான். கோவம் தீந்துட்டா அவ தங்கம்.

கணக்குல ஒரு வித்தை வச்சிருந்தா, அதச் சொல்லாம இந்தக் கதை புரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் எங்க கொழுந்தனுக்கும் தேங்கா பங்கு பிரிக்கிறாங்க. குவிச்சுக் கிடக்கு. அக்கா அந்தப் பக்கமா வந்தவ ஏழு ஏழா ஒதுக்கிப் பாத்தா. நாலு கை, மூணு விரலு. உடனே சொல்றா, ஒண்ணு மிஞ்சும், அத சாமிக்கு ஒடச்சிருங்கன்னு. பிரிச்சுப் பாத்தா ஆளுக்குப் பதினஞ்சு, ஒண்ணு மிச்சம். எப்படிக்கான்னேன். எங்கணக்குல கடைசி விரல மட்டும் பாத்தா ஒத்தையா ரெட்டையான்னு தெரியாதுடி, கையையும் விரலையும் சேத்துப் பாக்கணும்னா. நாலும் மூணும் ஏழு. ஒத்தப்படை, அதான் ஒண்ணு மிஞ்சுச்சு. ஒத்தையில எண்ணுனா ஒத்தையும் ரெட்டையும் எடம் மாறி மாறி ஒக்காரும், அதனாலதான் இப்படிச் சேத்துப் பாக்க வேண்டியிருக்குன்னா. நான் அன்னிக்கு முழுக்க வீட்டுல இருந்த தட்டு, கரண்டி, கோழிக்குஞ்செல்லாம் ஏழு ஏழா எண்ணிப் பாத்துக்கிட்டே திரிஞ்சேன். தப்பவே இல்ல.

சரி, தண்ணிக்கு வர்றேன்.

நம்ம வாய்க்கா கடைமடை. மேட்டூருல தண்ணி கொறஞ்சா மொதல்ல காயுறது நாமதான். போரு போட்டா உவர்த்தண்ணி. பெரிய வீட்டுக்காரரும் போட்டுப் பாத்தாரு, பாய்ச்சுன எடமெல்லாம் வெள்ளையாப் பூத்துப் போச்சு. அதனால தண்ணி கொறயிற வருஷமெல்லாம் முறைதான். மதகு ஒண்ணு, வாய்க்கா ரெண்டு. ஒரு நாள் நமக்குத் தொறப்பாங்க, மறுநாள் அக்கரை ஊருக்கு. நம்ம வாய்க்காலுல ஏழு வயக்காரங்க. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு மடை. தண்ணி வந்தாலும் முறை நடக்கும், வராட்டியும் முறை நடக்கும். வராத நாளு யாரு முறையோ அவங்களுக்கு வாய்க்கா அடியில தேங்கி நிக்கிறதுதான், கால் நனையும், அவ்வளவுதான். முறைய நிறுத்தி வச்சா யாருது எங்க நின்னுச்சுன்னு சண்டை வந்துரும். முன்ன ஒரு காலத்துல வந்து அருவா வெட்டு வரைக்கும் போயிருக்கு. அதனால முறை ஒரு நாளும் நிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே பேசி வச்சது.

முறை பாக்குறது அக்காதான். அவ புருஷன் நீர்பாய்ச்சியா இருந்து செத்தாரு, அந்த வேலை இவளுக்கு வந்துச்சு. ஏழு வயலு, ஏழு விரலு. வலது கட்டைவிரல் வாய்க்கா தலைப்புல இருக்குற வயலு. ஆள்காட்டி பெரிய வீட்டுக்காரரு. நடுவிரல் எங்க வயலு. மோதிர விரல் பெரிய வீட்டுக்காரரோட மச்சான். சுண்டுவிரல் ஒரு வீடு. இடது கட்டைவிரல் அக்கா குத்தகைக்கு எடுத்திருந்த துண்டு நிலம். இடது ஆள்காட்டி கடைசி வயலு. தெனம் ஒரு விரல மடக்குவா. இன்னிக்கு யாரு முறைன்னு கேட்டா கையக் காட்டுவா, அம்புட்டுத்தான்.

இதுல யாருக்கும் கொறை வந்ததில்ல. இந்தச் சுத்து வறண்ட நாளு வந்தவனுக்கு அடுத்த சுத்து தண்ணி நாளு வரும். ஏன் வருதுன்னு ஒருத்தனும் யோசிச்சதில்ல. சாமி கணக்குன்னு இருந்தாங்க. அவளுக்குத் தெரியும், ஏழு ஒத்தப்படை, அதனால மாறி மாறி வருதுன்னு.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாத்திருச்சு. கார்த்திகையும் வெறுங்கார்த்திகை. சம்பா பயிரு நிக்குது, முறை வச்சாத்தான் ஆச்சு. அப்பப் பாத்து பெரிய வீட்டுக்காரரு கடைசி வயலுக்கும் அந்தண்ட ஒரு திடல வாங்கித் திருத்தி நட்டிருந்தாரு. அதுக்கும் ஒரு முறை வேணும்னாரு. ஏழு எட்டாவணும்னாரு. யாருக்கும் மனசில்ல, ஆனா அவரு மொகத்துக்கு நேரா யாரு பேசுவா? அந்த மச்சான் வேற, எங்க மச்சான் சொல்றதுதான் நியாயம்னு தாளம் போடுறாரு. எல்லாரும் அக்கா வாயப் பாக்குறாங்க. அவ வேணாம்னா விட்டுரலாம்னு.

அவ இடது கையத் தூக்குனா. வாழ்க்கையில மொத தடவ அந்த மொட்டை விரல எல்லாருக்கும் தெரியக் காட்டுனா.

"அய்யாவுக்கு இல்லாத முறையா? இந்தா, இந்த விரலு சும்மாதான் கிடக்கு. இத எட்டாவதா வச்சுக்கிறேன்."

அவரு சிரிக்கிறாரு, பெரிய மனசும்மா உனக்குங்கிறாரு.

அவரோட கெட்டிக்காரத்தனம் அதோட நிக்கல. பின்னாடி மத்தவங்க எட்டாவது முறைய ரத்து பண்ணிடக் கூடாதுன்னு பயம். அதனால எல்லாரையும் அய்யனாரு கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போயி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. அறுப்பு வரைக்கும் இந்த எட்டையும் இந்த வரிசையையும் யாரும் மாத்தப்படாது, மாத்துனா கொலம் வெளங்காதுன்னு அவரே சொல்லிக் குடுக்குறாரு, நாங்கல்லாம் திருப்பிச் சொல்றோம். அக்கா சத்தமா சொன்னா. எப்பலேருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டாங்க. வளர்பிறை, வெள்ளிக்கிழமை, அய்யா பேருக்குப் பொருத்தமான நாளுன்னு அக்காவே எடுத்துக் குடுத்தா. நாளு கெழமை பாக்குற மனுசன், வாயெல்லாம் பல்லு. அந்த வெள்ளிக்கிழமை நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி தொறக்குற நாளு. அவ அதப் பாத்துத்தான் சொன்னான்னு யாருக்குத் தெரியும்?

இப்ப நீயே எண்ணிப் பாரு. ஒண்ணு தண்ணி. ரெண்டு வறட்சி. மூணு தண்ணி. நாலு வறட்சி. எட்டு வரைக்கும் போ. எட்டாவது வறட்சியா? அடுத்த நாளு திரும்ப மொத விரலு, திரும்ப தண்ணி. பாத்தியா? எட்டு ரெட்டைப்படை. மாறவே மாறாது. விரலப் பாத்தாலே தெரிஞ்சு போவும், இது தண்ணி விரலு, இது வறட்டு விரலுன்னு. புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு. பெரிய வீட்டுக்காரரு ரெண்டாவது விரலு, எட்டாவது விரலு. ரெண்டு முறை கேட்டு வாங்குனாரு, ரெண்டும் வறட்சி. தாளம் போட்ட மச்சான் நாலாவது. அவருக்கும் வறட்சி. அய்யோ, இப்ப நெனச்சாலும் வயிறு குலுங்குது எனக்கு.

மொத சுத்துல அவரு கண்டுக்கல. எப்பவும் போல அடுத்த சுத்து வரும்னு இருந்தாரு. அடுத்த சுத்தும் கால் நனையிற தண்ணி. மார்கழி பொறந்துருச்சு, பயிரு பொதி கட்டி நிக்குது, இப்பத் தண்ணி இல்லேன்னா கதிரு பால் புடிக்காது. மூணாவது சுத்துக்கு வரப்புல வந்து நின்னு கத்துறாரு, இவ முறைய ஏமாத்துறான்னு. ஊரு கூடிருச்சு. அக்கா கோவப்படல. வெள்ளிக்கிழமையிலேருந்து ஒவ்வொரு நாளா, ஒவ்வொரு விரலா, எல்லாரு முன்னாடியும் எண்ணிக் காட்டுனா. ஒரு நாள் பெசகல. முறை தப்பலீங்கய்யா, சூடம் அணைச்ச மாதிரியேதான் நடக்குதுன்னா. மச்சானுக்குத்தான் மொதல்ல உறைச்சுது. ஒன் எட்டாவது முறையாலதான்யா என் பயிரும் போச்சுன்னு சபையில அவரயே ஏக வசனத்துல பேசிட்டாரு. ரெண்டு குடும்பமும் இன்னிக்கு வரைக்கும் ஒரு பந்தியில ஒக்காரல, நீ கவனிச்சிருப்பியே.

ராவுல ஆள விட்டு அடுத்தவன் மடைய வெட்டப் பாத்தாரு. தண்ணி நாளுக்காரங்க மண்வெட்டியோட காவ காத்தோம். எங்க வீட்டுக்காரரு ஜென்மத்துல ராவுல கண்ணு முழிச்சதில்ல, அப்ப முழிச்சாரு. முறையவே மாத்தச் சொல்லலாம்னா, சூடத்து மேல சத்தியம்ல? அத மீற அவருக்கே தைரியமில்ல.

கடைசியில எட்டாவது விரலு நாளு ஒண்ணுல, காலம்பற, மதகடிக்கே வந்துட்டாரு. தோள்ல துண்டு, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. நாங்க நாலஞ்சு பேரு நின்னோம், பூசாரியும் இருந்தாரு. எதாவது வழி சொல்லும்மான்னாரு. அக்கா மண்ணுல ஒக்காந்து வெத்தில போட்டுக்கிட்டிருந்தா, எந்திரிக்கல. வழி ஒண்ணு இருக்கு, எட்டு திரும்ப ஏழாயிட்டா இன்னிக்கே முறை மொத விரலுக்குப் போயிடும், நாளைக்குத் தண்ணி நாளு, உங்க விரலு வரும்னா. ஆனா சத்தியம் இருக்கே, யாரு மாத்துறதுன்னு அவரு. கேட்டு வாங்குனவரே வேணாம்னா சாமி ஒத்துக்கும்னா. பூசாரியும் தலையாட்டுனாரு. அப்ப வேணாம், எட்டாவது வேணாம்னாரு.

"வாயால சொன்னா ஆச்சா? இத நீங்கதான் மடக்கணும்."

இடது கைய நீட்டுனா. அந்த மொட்டை விரலு அவரு மொகத்துக்கு நேரா நிக்குது. நுனியில தோலு சுருங்கி, கோணலா, நகமில்லாம. அந்த மனுசன் அத அன்னிக்குப் படியில நின்னு பாத்தவருதான், அப்பறம் ஒரு நாளும் பாத்ததில்ல. பழம் குடுத்தப்பக்கூட வலது கையத்தான் பாத்துக் குடுத்தாரு. தோள்ல கிடந்த துண்ட எடுத்துக் கையில சுத்திக்கிட்டுத் தொடப் போனாரு. அக்கா கைய இழுத்துக்கிட்டா.

"துண்டு வேணாங்கய்யா. வெறுங்கையால."

துண்டு கீழ விழுந்துச்சு. அவரு குனிஞ்சாரு. அவ தரையில ஒக்காந்திருக்காள்ல, முட்டி போட்டாத்தான் எட்டும். முட்டி போட்டாரு. ரெண்டு விரலால அந்த மொட்டையப் புடிச்சு மடக்குனாரு. அது மடங்காதுடி, கணுவு செத்துப் போயிருந்துச்சு. மடக்க மடக்க நிமுருது. இன்னும் அழுத்துங்க, வலிக்காது, அதுக்கு வலி போயி ரொம்ப நாளாச்சுன்னு அவ சொல்லிக்கிட்டே இருக்கா. அவரு கண்ணுலேருந்து தண்ணி அவ கையில சொட்டுது. அவ தொடைக்கல, அவரையும் எந்திரிக்கச் சொல்லல. வேணுங்கிற மட்டும் பாத்துட்டு, அப்பறமா தானே வலது உள்ளங்கையால அதப் பொத்திக்கிட்டா. ஏழுன்னா. அம்புட்டுத்தான் சொன்னா.

மறுநாளு அவருக்குத் தண்ணி வந்துச்சு. பழைய வயலு பாதிக்குப் பாதி தேறுச்சு. புதுத் திடலு முழுக்கப் பதரு. மச்சானுக்கும் பெரும்பாலும் பதருதான். எங்களுக்கு நல்ல வெளச்சல், பொய் சொல்லக் கூடாது, அந்த வருஷம் மாதிரி வெளஞ்சதில்ல.

அக்காவுக்கா? நீ கேப்பேன்னு தெரியும். இடது கட்டைவிரல், ஆறாவது. அதுவும் வறட்டு விரலுதான். ஏழாக்கி அவளுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள கதிரெல்லாம் வெளுத்து நின்னுருச்சு. மாட்டுக்கு வைக்கோல் ஆச்சு, வேற ஒண்ணும் ஆவல. வருஷம் முழுக்க ரேஷன் அரிசிதான் பொங்குனா. எனக்கு மனசு கேக்கல, ஒரு மூட்டை நெல்லத் தூக்கிக்கிட்டுப் போனேன். உனக்காகவா நான் செஞ்சேன், எடுத்துக்கிட்டுப் போடின்னு தொரத்திட்டா. அப்பத்தான் கேட்டேன், ஏன்க்கா, உன் விரலும் காயும்னு தெரிஞ்சுமா அந்த வெள்ளிக்கிழமையச் சொன்னேன்னு. அவரும் நானும் ரெட்டைப் பக்கம்டி, அவரு காஞ்சா நானும் காயணும், கணக்குல வேற வழி இல்லேன்னா. பதரத் தூத்திக்கிட்டிருந்தா அப்ப. மொகம் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணப் பொண்ணு மாதிரி. மொறத்தக் கீழ வச்சுட்டுச் சொன்னா.

"எனக்குக் காஞ்சு பழக்கம் தங்கச்சி. அவருக்குப் பழக்கமில்ல."

அதான் செல்வி, நீ ஒரு வேளை பட்டினி கெடக்குறது... யேய், யேய், அங்க பாரு, கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு! போச்சு, பாலு மொத்தத்தையும் குடிச்சிரும், சாயங்காலம் ஊத்துறதுக்கு ஒரு சொட்டு இருக்காது. கீரைய அப்படியே வச்சுட்டு நீ அந்தப் பக்கமா மடக்கு, நான் கவுத்தப் புடிக்கிறேன், ஓடு.